பெரியவள் வீட்டு வெளிச்சம்

மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தெரு வீடுகளில் பகலுக்கும் சாயங்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்தாற்போல நெருக்கிக் கட்டியவை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் முகத்தில் இடிக்கும். அதனால் நடுப்பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் சமையல். அந்த விளக்கும் கூரை நடுவிலோ பின்சுவரிலோ இருக்கும். மேடையைப் பார்த்து நிற்கும் பெண்ணுக்கு வெளிச்சம் முதுகில் விழும். அவள் நிழல் முன்னால் விழுந்து நறுக்கும் பலகையை மூடிக்கொள்ளும். காயை நறுக்குகிறோமா, நம் நிழலையே நறுக்குகிறோமா என்று தெரியாமல் காலம் தள்ளியவர்கள்தான் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்த மகராசன் என்று கரண்டுக்காரரைச் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். கூப்பிடுவார்தான் இல்லை. சுவரில் மாட்டிய மேல் அலமாரிக்கு அடியில், வெளியே தெரியாமல் சின்ன விளக்குகளைப் பதித்து, மேடை முழுக்க வெளிச்சம் விழச் செய்வது அவர் வேலை. விளக்கை எவனும் மாட்டிவிடுவான். கரண்டுக்காரர் பேர் வாங்கியது அவர் கேட்கும் கேள்விகளால். பையை வாசலில் வைத்துவிட்டு, ஏணியைத் தொடாமல், முதலில் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவார். தினமும் எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள் என்பார்.

"எங்க நின்னு நறுக்குவீங்கம்மா? கத்தி எந்தக் கைல பிடிப்பீங்க? நிமிந்தா கண்ணு எந்த உயரத்துக்கு வருது?"

வலது கைக்காரிக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும், இடது கைக்காரிக்கு வலப்பக்கமிருந்து. இல்லாவிட்டால் கத்தி பிடித்த கையின் நிழல் காயின் மேலேயே விழுந்து வேலையைக் கெடுக்கும். இதுதான் அவர் தொழில் ரகசியம், ரகசியம் என்று ஒன்று இருந்தால். ஆனால் பெண்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் பெரிதில்லை. ஒரு ஆண்பிள்ளை தன் சமையலறையில் வந்து நின்று, நீ எங்கே நிற்பாய், உனக்கு எது தோது என்று கேட்டானே, அதுதான் பெரிது. "என் வீட்டுக்காரரு இந்த ஜென்மத்துல இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்க வீட்டுக்காரரு தங்கம்" என்று அவர் மனைவியிடமே வந்து சொல்வார்கள். அவள் சிரித்துவைப்பாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

அவளை ஆஸ்பத்திரி கேன்டீனில் வெங்காயக்கா என்பார்கள். அங்கே காய் நறுக்கும் பகுதி அவள் பொறுப்பு. விடிந்தும் விடியாமலும் போய் நின்றால் மூட்டை மூட்டையாக வெங்காயம் காத்திருக்கும். தோலை உரித்து, தலையைச் சீவி, இரண்டாகப் பிளந்து, கவிழ்த்துப் போட்டு அவள் கத்தியை ஓட்டினால் பலகை டகடகவென்று பேசும். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க, "வெங்காயத்துக்கே இந்த அழுகைன்னா, புருஷன் வீட்டுக்குப் போய் என்னடி பண்ணுவீங்க?" என்று கேலி செய்வாள். வீட்டுக்கு வரும்போது அந்த வாசம் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டே வரும். எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

கரண்டுக்காரர் வீட்டுச் சமையலறையில் மட்டும் அந்த அலமாரி விளக்கு இல்லை. பின்சுவரில் ஒரு பழைய குழல் விளக்கு, அதுவும் மழைக்காலத்தில் யோசித்து யோசித்து எரியும். வெங்காயக்கா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தொழில்காரன் வீட்டு வேலை என்றைக்கும் கடைசியில்தான் நடக்கும், அது உலக வழக்கம் என்று தேற்றிக்கொண்டாள். ஊர்ப் பெண்களிடம் அவர் கேட்கிற கேள்வியும் பிழைப்புக்காகக் கேட்கிற கேள்விதானே. இதெல்லாம் பெரியவள் வீட்டில் விளக்கைப் பார்க்கிற வரைக்கும்.

பெரியவள் என்றால் கரண்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். கரண்டுக்காரர் தாயை இழந்தபோது மூக்கு ஒழுகும் வயசு. அண்ணிதான் குளிப்பாட்டினாள், சோறு போட்டாள், அடித்தாள், வேலை கற்றுக்கொள்ள அனுப்பினாள். கல்யாணம் ஆகித் தனி வீடு வந்த பிறகும் வேலை முடிந்தால் முதலில் அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. அந்த டீயின் வாசம் வெங்காயக்காவுக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிடும்.

அன்று கேன்டீனில் மிஞ்சிய தக்காளியில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனாள். பெரியவள் கதவைத் திறந்த கையோடு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வா வா, இப்படியா நனைஞ்சுக்கிட்டு வருவே? செருப்பை உள்ளயே விடு. ஒண்ணு காட்டறேன், கண்ணை மூடிக்கோ."

"எதுக்குக்கா?"

"மூடுன்னா மூடேன்டி. கேள்வி கேக்காதே."

சுவிட்ச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். மேடைக்கல் பளிச்சென்று கிடந்தது. மேல் அலமாரிக்கு அடியில் வட்டமாக இரண்டு விளக்கு. பலகையில் பாதி நறுக்கிய கேரட் ஒவ்வொரு வில்லையும் தனித்தனியாகத் தெரிந்தது. கண் கூசவில்லை, ஒரு மூலை இருட்டு இல்லை.

"தம்பி மாட்டுனான். நான் கேக்கவே இல்லடி, சத்தியமா. முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா ஏணியைச் சாத்தி வச்சுட்டுத் திருட்டுமுழி முழிக்கிறான்."

"நீங்க வீட்டுல இல்லாதப்பவா மாட்டுனாரு?"

"அதைத்தானே சொல்றேன். நான் பீச்சாங்கைக்காரி. சிங்க் ஓரமா ஒட்டிக்கிட்டு நிப்பேன். ஆளும் கட்டை, கொஞ்சம் இறக்கி மாட்டினா கண்ணைக் குத்தும். ஒண்ணு கேக்கலையே அவன்! வந்து நின்னு கத்தியை எடுத்தேன் பாரு, அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு."

"நல்லா இருக்குக்கா" என்றாள் வெங்காயக்கா. தக்காளிப் பையை மேடையில் வைத்தாள். அந்த வெளிச்சத்தில் கேன்டீன் தக்காளி என்னமாய்ச் சிவந்திருந்தது. அதைப் பார்க்கவும் அவளுக்கு வயிறு எரிந்தது. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையிலேயே திரும்பினாள்.

ஊரார் வீட்டில் அவருக்குத் தெரியாது, அதனால் கேட்கிறார். அண்ணி வீட்டில் எல்லாம் தெரியும், அதனால் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டதும் இல்லையே என்று நினைத்தபோது தெருத் தண்ணீரில் கால் இடறியது.

இரவு அவர் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது ஆரம்பித்தாள்.

"உங்க அண்ணி வீட்டு விளக்கைப் பாத்தேன்."

"பாத்தியா? நல்லா வந்திருக்குல்ல?" அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவளுக்கு ஆகவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீங்க."

"சொல்ல என்ன இருக்கு? நல்ல விளக்கா ரெண்டு வந்துச்சு. அண்ணிக்குக் கண்ணு மங்கிட்டு வருது. மாட்டிட்டேன்."

"இங்க இருக்கறவளுக்குக் கண்ணு நல்லா இருக்கு. அப்படித்தானே?"

"இப்ப என்ன, உனக்கும் வேணுமா? மாட்டிட்டாப் போச்சு. கடைக்குப் போயி எது பிடிக்குதோ எடுத்துட்டு வா. லீவு நாளைக்கு மாட்டித் தரேன்."

"எது பிடிக்குதோன்னா? எனக்கென்ன தெரியும்?"

"உன் சமையக்கட்டு, உன் இஷ்டம். எதுவா இருந்தா என்ன, எரிஞ்சா சரி."

"எரியுது, எரியுது" என்றாள். குழல் விளக்கைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் கேன்டீனில் பலகை போட்ட சத்தம் பாத்திரம் கழுவும் இடம் வரைக்கும் கேட்டது. அங்கே வேலை செய்யும் பாத்திரக்காரி அவளுக்கு நெடுநாள் சிநேகிதி. கை ஈரத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்னடி, வெங்காயம் இன்னிக்கு மாவாவே விழுது? யாரை நினைச்சு வெட்டறே?"

"போடி, நீ வேற."

"சொல்லு. சொல்லாட்டி இன்னிக்கு நோயாளிங்க எல்லாம் வெங்காயக் கஞ்சிதான் குடிக்கணும்."

சொன்னாள். கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். "கண்டவ வீட்டுக்கெல்லாம் போயி, எந்தக் கை, எந்தப் பக்கம்னு கேக்கற மனுசன், என்னைப் பாத்து எரிஞ்சா சரிங்கறாரு."

"விளக்குக்கு அடியில இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அதுகூடப் பரவால்லடி. இவகிட்ட மட்டும் கேக்காமலே எல்லாம் தெரிஞ்சிருக்கு பாரு."

"எவகிட்ட?" பாத்திரக்காரி இன்னும் கிட்டே வந்தாள்.

"பெரியவகிட்ட."

"அடச்சீ! நான் என்னமோ ஏதோன்னு காதைத் தீட்டிக்கிட்டு வந்தேன். அந்தம்மா அவருக்குத் தாய் மாதிரிடி."

"தாயா இருந்தா, சரி, மாமியார்னு மனசை ஆத்திக்கலாம். மாமியாரும் இல்ல, நாத்தனாரும் இல்ல. எனக்கு அக்கா மாதிரி நின்னுக்கிட்டு வா வான்னு கையைப் பிடிச்சு இழுக்கறா. ஒரு பொல்லாத வார்த்தை பேசியிருந்தாலாவது அதைப் பிடிச்சுக்கிட்டு நாலு நாள் சண்டை போடலாம். பாவி, நல்லவளா இருந்து தொலைக்கிறா."

"நல்லவங்களைப் பாத்துப் பொறாமைப்படறதுதாண்டி ரொம்பக் கஷ்டம். திட்டினா நமக்கே கூசும்." பாத்திரக்காரி ஒரு வெங்காயத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "சரி, உனக்கு இப்ப என்னதான் வேணும்? விளக்கா?"

கத்தி நின்றது.

"அவரு வந்து என்னைப் பாத்து, நீ எங்க நிப்பே, எந்தக் கைல நறுக்குவேன்னு ஒரு வார்த்தை கேக்கணும். இல்லாட்டி அவளைப் பத்தித் தெரிஞ்சிருந்த மாதிரி என்னைப் பத்தியும் கேக்காமலே தெரிஞ்சிருக்கணும். ரெண்டுல ஒண்ணு."

"கேளுங்கன்னு நீயே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி வாங்கிக்கறதுக்குப் பேரு வேறடி" என்றாள் வெங்காயக்கா. பின்னால் பாத்திரம் குவிந்துகொண்டிருந்தது, பாத்திரக்காரி போய்விட்டாள்.

வேலை முடிந்ததும் வெங்காயக்கா நேரே விளக்குக் கடைக்குப் போனாள். பையில் ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, லேசாகப் பச்சை ஓடிய ஒரு உருளைக்கிழங்கு எடுத்து வைத்திருந்தாள். கடைக்காரர் நல்ல பருமன். தலைக்கு மேல் அத்தனை விளக்கும் எரிய, வேர்த்து வடிந்துகொண்டே வியாபாரம் பண்ணுகிறவர்.

"அடடே, கரண்டு வீட்டம்மாவா! உங்க வீட்டுக்கு நீங்களே விளக்கு எடுக்க வந்துட்டீங்களா? ஹோட்டல் வச்சிருக்கறவன் வீட்டுல பட்டினின்னு சொல்ற மாதிரி இருக்கே."

"வந்ததைக் காட்டுங்க" என்றாள். அவளுக்குக் கேலி கேட்கும் மனநிலை இல்லை.

சுவர்ப்பலகையில் வரிசையாக மாட்டி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நாடா மாதிரி நீளமாக ஒட்டும் விளக்கு ஒன்று. புள்ளி புள்ளியாக எரிந்தது. பளபளக்கும் கல்லாக இருந்தால் அந்தப் புள்ளியெல்லாம் கல்லில் தெரியும், மேலே வெள்ளை மூடி போட்டது வாங்கினால் தெரியாது என்று அவரே உண்மையைச் சொன்னார். பட்டையாக ஒன்று, வட்டமாக ஒன்று. ஒவ்வொன்றிலும் மஞ்சள், வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். வெங்காயக்கா பையைத் திறந்து காயை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது, என் கடையில காய்கறி விக்க வந்திருக்கீங்களா?"

"சும்மா இருங்க. விளக்கு காய்க்குத்தான் வேணும், கல்யாணப் பந்தலுக்கு இல்ல."

வெள்ளை விளக்கில் தக்காளி ரத்தம் செத்துப்போய், எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்த மாதிரி இருக்கிறது என்றாள். மஞ்சளில் எல்லாமே அழகாக இருந்தது. அதுதான் அவளுக்குச் சந்தேகம். உருளைக்கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை ஓடியிருந்த இடம் காணவில்லை. "இதுல நறுக்கினா கெட்ட கிழங்கையும் சேத்துப் போட்டுடுவேன், நாலு பேரு வயிறு போயிடும்" என்று தள்ளிவைத்தாள். நடு நிறத்து வட்ட விளக்கின் கீழே வெங்காயத்தைப் பிளந்து வைத்தாள். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருக்கிற அந்த மெல்லிய சவ்வுகூடத் தனியாகத் தெரிந்தது.

"இது."

"கண்ணுன்னா இது கண்ணு" என்று கடைக்காரர் மேசையைத் தட்டினார். "போன வாரம் உங்க வீட்டுக்காரரு அவங்க அண்ணிக்கு எடுத்துட்டுப் போனதும் இதேதான். முதல்ல மஞ்சள் வாங்கிட்டுப் போயி, மறுநாளே திருப்பிக் கொண்டு வந்துட்டாரு. அண்ணி கீரையில பூச்சி பாத்துப் பொறுக்கணும், மஞ்சள்ல தெரியாதுன்னாரு. கடையையே புரட்டிப் போட்டுட்டுத்தான் இதை எடுத்தாரு."

சூடு பட்டாற்போல வெங்காயக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"வேற காட்டுங்க. இதைவிட நல்லதா."

கடைக்காரர் பெரியது காட்டினார், பிரகாசமானது காட்டினார், கையை ஆட்டினால் தானாக எரிவது ஒன்றையும் காட்டினார். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் வெங்காயத்தை வைத்தாள். எதிலும் அந்தச் சவ்வு தெரியவில்லை. பொறாமை ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொன்னது. காய் விஷயத்தில் கண்ணை ஏமாற்றி அவளுக்குப் பழக்கமில்லை. பெரியவளுக்கு எடுத்ததைவிட மட்டமாக எடுத்தால் மனசு ஆறாது, அதையே எடுத்தாலும் ஆறாது.

"அவங்களுக்கு எத்தனை குடுத்தீங்க?"

"ரெண்டு."

"எனக்கு மூணு குடுங்க" என்றாள்.

லீவு நாளும் மழையோடுதான் விடிந்தது. கரண்டுக்காரர் டப்பாவைப் பிரித்துப் பார்த்து, "அட, நல்ல சரக்கைத்தான் எடுத்திருக்கே. ஆனா இந்த அலமாரிக்கு ரெண்டே போதும்" என்று மூன்றாவதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வெங்காயக்கா காலையிலேயே மேடையைத் துடைத்து, பலகையைப் போட்டு, பக்கத்தில் கத்தியையும் வைத்திருந்தாள். அவர் உள்ளே போனதும் தானும் போய் மேடை முன்னால் நின்றாள். தினமும் நிற்பதுபோல நின்றாள். இப்போது கேட்பார் என்று இருந்தது.

"நீ என்ன இங்க நிக்கறே? துளை போட்டா தூசி தலையில கொட்டும். வெளிய போய் உக்காரு."

பலகையையும் கத்தியையும் தூக்கி அவள் கையிலேயே கொடுத்தார். வெளியே வந்து அவித்த முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தாள். உள்ளே பென்சில் கீறும் சத்தம். இதோ கூப்பிடுவார், 'இங்க வா, ஒரு நிமிஷம் நில்லு' என்பார். துளை போடும் சத்தம் எழுந்தது. கேட்கவே இல்லை. முட்டை ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவையும் பிய்த்துவிட்டாள்.

அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. பெரியவளிடமும்தான் கேட்கவில்லை. கேட்காமல், தயங்காமல், அளவு எடுக்காமல் துளை போடுகிறார் என்றால் என்ன அர்த்தம்? தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். அவருக்குத் தெரியும். நமக்குத்தான் அவரைத் தெரியவில்லை. இப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. மிச்ச முட்டையெல்லாம் அழகாக உரிந்து வந்தது. நல்லதாக இரண்டை அவருக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். பாத்திரக்காரியிடம் நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

"வா, வந்து நீயே போடு" என்று கூப்பிட்டார்.

சுவிட்சைப் போட்டாள். இத்தனை வருஷம் புழங்கிய மேடைதானா இது என்று இருந்தது. கல்லில் இருந்த பழைய கீறல்கூட அழகாகத் தெரிந்தது. கரண்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்படி?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆசை ஆசையாகப் பலகையைப் போட்டு, வெங்காயத்தைப் பிளந்து கவிழ்த்து, கத்தியை எடுத்தாள்.

வெங்காயத்தின் மேல் அவள் கையின் நிழல் அப்படியே விழுந்தது.

வழக்கமாக அவள் அடுப்பை ஒட்டி, மேடையின் இடக்கோடியில் நிற்பாள். கொஞ்சம் நகர்ந்தாள். நிழலும் நகர்ந்தது. பலகையை இழுத்துக்கொண்டு இன்னும் நகர்ந்தாள். இடுப்பு சிங்க்கில் இடித்தது, அப்போதும் நிழல் காயை விடவில்லை. அண்ணாந்து பார்த்தாள். இரண்டு விளக்கும் அலமாரியின் வலப்பாதியில், சிங்க் பக்கமாகவே இருந்தன. ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கத்தியை மெல்ல இடது கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

நிழல் போய்விட்டது. வெங்காயம் அடுக்கடுக்காக, சவ்வு சவ்வாக, பளிச்சென்று கிடந்தது.

இதற்குப் பதில் அவர் யாரையாவது சேர்த்துக்கொண்டிருந்தால்கூட அவளை நாலு பேர் அறியக் கிழித்துப் போட்டிருக்கலாம். இதை யாரிடம் சொல்ல? தன் வீட்டில், தன் மேடையில், தான் பொறுக்கி எடுத்த விளக்கு பெரியவள் கைக்கு எரிகிறது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

"தம்பி, டீக்கு வாங்கண்ணின்னு சொல்லிட்டு வந்தியே, அடுப்பே மூட்டலையா? எங்க விளக்கு?" பெரியவள் வந்த வேகத்தில் சமையலறைக்குள் நுழைந்தாள். "அடி ஆத்தீ, என் வீட்டைவிட நல்லா இருக்கே! குடு, வெங்காயத்தை நான் நறுக்கறேன், நீ டீயைப் போடு."

கத்தியை வாங்கிக்கொண்டாள். சிங்க்கை ஒட்டி நின்றாள். இடது கை வெங்காயத்தின் மேல் ஓட ஆரம்பித்தது. ஒரு நிழல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. "அடடா, அப்படியே எங்க வீட்டுல நிக்கற மாதிரியே இருக்கு" என்று பெரியவள் ஒரு சூதும் இல்லாமல் சொன்னாள்.

வெங்காயக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, நான் எந்தக் கையில நறுக்குவேன்?"

"என்னது?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. எந்தக் கை?"

"இதென்ன கேள்வி, நல்ல நாளும் அதுவுமா?" கரண்டுக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் கைகளைத் தேடினார், கிடைக்கவில்லை. அண்ணியின் கையைப் பார்த்தார், மேலே விளக்கைப் பார்த்தார். "இடது…" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, வலது. எல்லாரும் வலதுதானே?" என்றார்.

பெரியவளின் கத்தி நின்றுபோனது.

"நான் எல்லாரும் இல்ல" என்றாள் வெங்காயக்கா. "ஊருல ஒருத்தி பாக்கியில்லாம நிக்க வச்சுக் கேக்கறீங்க. இவங்களைக் கேக்காமலே தெரிஞ்சு வச்சிருக்கீங்க. நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு, நான் எந்தக் கையால நறுக்கினேன்னு தெரியாது உங்களுக்கு. அக்கா, நகருங்க."

பெரியவள் நகர்ந்தாள். வெங்காயக்கா கத்தியை வாங்கி, பலகையை இடக்கோடிக்கு இழுத்துப் போட்டு, கூடை வெங்காயத்தையும் மேடையில் கொட்டினாள். நிழலிலேயே நறுக்க ஆரம்பித்தாள். கேன்டீனில் நறுக்குகிற வேகம். கரண்டுக்காரர் அந்தச் சத்தத்தை இதற்கு முன் இந்த வீட்டில் எத்தனையோ தரம் கேட்டிருப்பார். எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"சரி, தப்புதான். கழட்டி மாத்திடறேன். சொல்லு, நீ எங்க நிப்பே? எப்பவும் இங்கதான் நிப்பியா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள். வந்தபோது கசந்தது.

"உங்க அண்ணிகிட்ட கேளுங்க" என்றாள்.

கோபத்தில் சொன்னதுதான். அந்த மனிதர் நிஜமாகவே அண்ணி பக்கம் திரும்பினார்.

"வலது கைடா, மடையா" என்றாள் பெரியவள். "கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வீட்டுல என் பக்கத்துல நின்னுதான் நறுக்குவா. அவ வலது முழங்கையும் என் இடது முழங்கையும் இடிச்சுக்கிட்டே கிடக்கும். நான்தான் நீ அடுப்பு ஓரமாத் தள்ளி நின்னுக்கோடின்னு சொன்னேன். இங்கயும் அடுப்பு ஓரமாத்தான் நிக்கறா, பாரு."

வெங்காயக்காவின் கை ஒரு கணம் நின்றது. உண்மைதான். அவளே மறந்துபோயிருந்தாள். இத்தனை காலமும் தன்னைக் கவனித்த ஒரே ஆள் இவள்தானா? தான் நிற்கிற இடம்கூட இவள் காட்டிய இடமா? நன்றி வர வேண்டிய இடத்தில் அவளுக்குப் பொறாமைதான் வந்தது, முன்னைவிட அதிகமாக வந்தது. இதையும் இவளேதான் சொல்ல வேண்டுமா?

கரண்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு இன்னும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பார்வை? இங்க பாருங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அடுத்த வெங்காயத்தைப் பிளந்தாள். அதற்கடுத்ததையும் பிளந்தாள். காரம் ஏறி அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

"துடைக்கக் கூடாது" என்றாள். "பாருங்க."